கைப்பிடி எந்தப் பக்கம்

ஒரு விடுகதை போடட்டுமா? தர்மபுரி பஸ் வர இன்னும் முக்கால் மணி ஆகும். உட்காருங்கள். அந்த ஓரம் வெயில் விழும், இப்படி நகர்ந்துகொள்ளுங்கள். கேளுங்கள்:

சோத்தாங்கைக்காரன் செஞ்சான்,
பீச்சாங்கைப் பக்கம் பிடி வெச்சான்.
ஒண்ணே ஒண்ணு அப்படி,
ஊருக்கெல்லாம் இப்படி.

அது ஏன்?

நிதானமாக யோசியுங்கள். நான் அவசரப்படுத்தமாட்டேன். முப்பத்தாறு வருஷம் தொடக்கப் பள்ளியில் இருந்தவன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை எப்போதும் விடுகதைதான். விடை தெரியாது என்கிற பிள்ளையை நான் அடித்ததே இல்லை. தெரியும் என்று சொல்லிவிட்டுத் தப்பாகச் சொல்கிற பிள்ளையைத்தான் அடிப்பேன். அதில் ஒரு நியாயம் இருக்கிறது, இல்லையா?

தெரியவில்லையா? ஒரு துப்புத் தருகிறேன். எதிரே பாருங்கள்.

ஆமாம், அந்தச் சிலைதான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நீங்கள் அதைத்தான் பார்த்தீர்கள், கவனித்தேன். எல்லாரும் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, இது யார் என்று கேட்கிறார்கள். பீடத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது, படிக்கிறவர்கள் யார்? போன வாரம் ஒரு லாரி டிரைவர், "இவருதான் செல்போன் கண்டுபிடிச்சவரா வாத்தியாரே?" என்று என்னிடம் கேட்டான். இடது கையில் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்திருக்கிறானே, அது புளியம்பழம். புளியம்பழம் என்று சொன்ன பிறகுதான் புளியம்பழம் மாதிரித் தெரியும். வெண்கலம் வேண்டும், வெண்கலம் வேண்டும் என்றார்கள். சிமென்ட்டில் செய்திருந்தால் பச்சைப் பெயின்ட்டோ பழுப்புப் பெயின்ட்டோ அடித்துக் காட்டியிருக்கலாம்.

அவன் பெயர் திம்மராயன். சைக்கிள் கடைக்காரன். உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். சிலையின் உயரம் ஆறரை அடி. காலைப் பாருங்கள், ஷூ. அவன் கல்யாணத்துக்கே ரப்பர் செருப்பில் வந்தவன். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? கட்டிக்கொண்டது என் தங்கையை. மாதம்மா. என்னைவிட ஒன்பது வயது சின்னவள். நான் சென்றாயன், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பீடத்தின் கீழ் வரிசையில் என் பெயரும் இருக்கிறது: 'வழிகாட்டுதல்: திரு. சென்றாயன்'. நான் கேட்கவில்லை. அவர்களாகப் போட்டார்கள். எழுத்து கொஞ்சம் சின்னதாகிவிட்டது.

அவன் கண்டுபிடித்தது புளிங்கொட்டை மெஷின், சிலை வலது கையால் பிடியைப் பிடித்திருக்கிறதே, அதுதான். வெண்ணம்பள்ளிப் புளி என்றால் சென்னை வரைக்கும் தெரியும். கொட்டை எடுத்த புளி. முன்னே எல்லாம் கையால்தான். மாசி, பங்குனி வந்தால் ஊரில் பாதிப் பெண்கள் மண்டியில் வரிசையாக உட்கார்ந்து தட்டுவார்கள். பழத்தை இடது கையில் பிடித்துக் கல்லில் வைத்து, வலது கையில் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. கொட்டை தெறிக்கும். குறி தவறினால் கட்டைவிரல் தெறிக்கும். அந்தக் காலத்துப் பெண்கள் யாரையாவது பார்த்தால் இடது கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கறுத்துச் சொத்தையாக இருக்கும்.

என் தங்கைக்கு மட்டும் வலது கட்டைவிரல். அவளுக்கு எதிலும் நேர்மாறு. கவனம் போதாது.

ஒரு வருஷம் அந்த விரல் பழுத்துச் சீழ் வைத்துவிட்டது. நகத்தையே எடுத்தார்கள். அந்த வருஷம்தான் திம்மராயன் கடையைச் சாத்திக்கொண்டு எதையோ தட்டிக்கொண்டே இருந்தான். எட்டு மாதம். ஊர் சைக்கிள் எல்லாம் பஞ்சரோடு நிற்கிறது, இவன் உள்ளே உட்கார்ந்து வேலமரத்தில் உருளை கடைகிறான். இரண்டு உருளை, நாலு பல்சக்கரம், மேலே பழம் போட ஒரு தகரப் பெட்டி, சுற்றுவதற்கு ஒரு சைக்கிள் பெடல். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. இதற்கு ஆறரை அடி வெண்கலம்.

கைக்கு எட்டிய வலது பெடல்கள் அவன் கடையில் ஒரு சாக்கு நிறையக் கிடந்தன. இவன் இடது பெடல் வேண்டும் என்று சேலத்துக்குப் போனான். இடது பெடலுக்கு மரை எதிர்த் திசையில் இருக்கும், தெரியுமா? சைக்கிள்காரனுக்குத் தெரியும். தெரிந்தே தேடிப் போய் வாங்கி வந்து, மெஷினுக்கு இடது பக்கம் மாட்டினான். இவ்வளவு மெனக்கெட்டு ஒரு தப்பைச் செய்தவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மெஷினைக் காட்டக் கூப்பிட்டான். போனேன். பார்த்ததுமே கேட்டேன்.

"என்ன மாப்ள, பிடிய மாத்தி வெச்சிருக்க?"

"இல்ல மச்சான், சரியாத்தான் இருக்கு."

"எனக்குச் சரியாத் தெரியலையே."

"உங்களுக்கு எதுக்கு மச்சான் தெரியணும்? நீங்களா சுத்தப் போறீங்க?"

பாருங்கள் பேச்சை. என் தங்கை அங்கேதான் நின்றாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அண்ணனை அவமதித்தால் சிரிக்கிற தங்கை.

அடுத்த வருஷம் மண்டிக்காரர்கள் வந்து எங்களுக்கும் செய்துகொடு என்றார்கள். செய்தான். ஒன்று, இரண்டு இல்லை, இருநூறுக்கு மேல். அத்தனையிலும் கைப்பிடி வலது பக்கம். முதல் மெஷின் ஒன்றில் மட்டும்தான் இடது பக்கம். இப்போது விடுகதைக்கு விடை தெரிந்துவிட்டதா?

அவசரம். அதுதான் விடை. அறியாமை என்று எழுதினாலும் முழு மதிப்பெண் தருவேன். முதலில் தப்பாகச் செய்தான், நான் சுட்டிக்காட்டினேன், பிறகு திருத்திக்கொண்டான். அந்த நன்றியை ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. செத்தும் பத்து வருஷம் ஆகிவிட்டது, இனி எங்கே சொல்வது.

வேறு விடை இருக்கிறதா என்கிறீர்களா? இருக்காது. விடுகதையைக் கட்டியவன் நான்.

சிலைக் கதைக்கு வருகிறேன். போன வருஷம் இருசப்பன் வந்தான். புளி வியாபாரி, முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர், விழாக்குழுத் தலைவர், என்னிடம் நான்காம் வகுப்பு இரண்டு தடவை படித்தவன். "வாத்தியாரே, பக்கத்து ஊர்ல கபடிக்காரனுக்குச் சிலை வெச்சிட்டான். நம்ம ஊருக்கு ஆள் இல்லையா?" என்றான். ஆள் இல்லாமல் என்ன? இந்த ஊரில் மூன்று தலைமுறைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் இருக்கிறான். கலெக்டர் ஆபீசில் நான் படிக்க வைத்த பிள்ளைகள் ஆறு பேர். ஆனால் வாயால் சொல்வேனா? சொல்லவில்லை. அவன் யோசித்து யோசித்து, "உங்க மச்சான்தான் வாத்தியாரே பொருத்தம்" என்றான்.

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஸ்தபதி வந்தார். அமைதியான மனிதர். கையில் ஒரே ஒரு போட்டோ. அந்தக் காலத்தில் பொருட்காட்சியில் எடுத்தது. திம்மராயன் மெஷினுக்குப் பின்னால் நிற்கிறான், பிடி இடது பக்கம். மாதம்மா வீட்டில் வைத்துத்தான் பேசினோம்.

நான் சொன்னேன், "போட்டோவைத் திருப்பிப் போட்டுக் கழுவியிருக்கிறார்கள். பிடி வலது பக்கம் இருக்க வேண்டும்."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஐயா, சட்டைப் பாக்கெட் இடது பக்கம்தான இருக்கு. திருப்பியிருந்தா பாக்கெட்டும்ல மாறியிருக்கும்?"

அறிவாளிதான். ஒப்புக்கொள்கிறேன். "அப்படியானால் மெஷின்தான் தப்பு," என்றேன். "இது நூறு வருஷம் நிற்கப் போகிறது. பள்ளிப் பிள்ளைகள் தினமும் பார்க்கப் போகிறார்கள். தப்பை வெண்கலத்தில் வார்க்கக் கூடாது. வலது பக்கம் வையுங்கள்."

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாங்களா?"

"அவளுக்கு என்ன தெரியும்? நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்."

மாதம்மா அப்போது டீ கொண்டு வந்தாள். எனக்கு வலது கையால் கொடுத்தாள். அதைச் சொல்லியே ஆக வேண்டும், இன்றுவரை என் எதிரே ஒரு டம்ளரைக்கூட இடது கையால் நீட்டமாட்டாள். அது நான் போட்ட வழி. பிறவியில் அவள் பீச்சாங்கைக்காரி. ஏழு வயதில் எழுதுகோல், கரண்டி, துடைப்பம், எல்லாம் இடது கைதான். கோயிலில் திருநீறுக்கே இடது கையை நீட்டுவாள். பூசாரி கையை இழுத்துக்கொள்வார். எங்கள் அப்பா, "இவளைக் கட்டிக்கொடுக்க முடியாது, கையைக் கட்டி வை" என்றார். நான்தான் கட்டினேன். எனக்குப் பதினாறு வயது. பழைய வேட்டிக் கிழிசலால் இடது கையை இடுப்போடு சேர்த்து. காலையில் கட்டினால் சாயங்காலம் அவிழ்ப்பது. ஒரு வருஷம். சுத்தமாகத் திருந்திவிட்டாள். அதற்குப் பிறகுதான் நான் ஆசிரியர் வேலைக்கே போவது என்று முடிவு செய்தேன். எனக்கு அந்தத் திறமை இருக்கிறது என்று தெரிந்தது.

பள்ளியில் எத்தனை இடது கைகளைத் திருத்தியிருப்பேன் என்று கணக்கே இல்லை. எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். ஒருவன் திக்குவாய். அது வேறு காரணமாக இருக்கும்.

டீயை வைத்துவிட்டு மாதம்மா அந்தப் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஸ்தபதியைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.  சொல்ல என்ன இருக்கிறது?

இனிமேல்தான் விஷயமே. சிலை வந்தது, பீடம் கட்டினார்கள், பங்குனியில் திறப்பு, கலெக்டர் வருகிறார். இருசப்பனுக்கு ஒரு யோசனை. அந்த முதல் மெஷின் மாதம்மா வீட்டுப் பின்கொட்டகையில் இருக்கிறது. அதை மேடையில் வைக்க வேண்டும், குடும்பத்துக் குழந்தை ஒன்று எல்லார் முன்னாலும் சுற்ற வேண்டும், விழுகிற முதல் புளியைத் தட்டில் வைத்துக் கலெக்டர் கையில் கொடுக்க வேண்டும். திம்மராயனுக்குப் பிள்ளை இல்லை. குடும்பத்துக் குழந்தை என்றால் என் பேத்திதான். என் மகனின் மகள். நிறைமதி. எட்டு வயது, மூன்றாம் வகுப்பு.

மெஷின் துருப்பிடித்துக் கிடக்கும் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் எண்ணெய் போட்டுத் துடைத்து, மேலே புடவை போட்டு மூடி வைத்திருக்கிறாள். தொட்டால் சுழல்கிறது. அந்தப் பெடலில் ரப்பர் தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது. "இதை இன்னுமா சுத்தற?" என்று கேட்டேன். "வீட்டுப் புளிக்கு" என்றாள்.

அது போகட்டும், எனக்கு வேறு ஒரு கவலை. நிறைமதியும் இடது கைக்காரி. என் தலையெழுத்தைப் பாருங்கள். மருமகள் அந்தக் காலத்துப் பெண் இல்லை, "டாக்டரே மாத்தக் கூடாதுன்னு சொல்றாரு மாமா" என்பாள். மகன் அவள் பக்கம். சரி, வீட்டில் எப்படியோ போகட்டும். மேடையில்? கலெக்டர் முன்னால், ஊர் முன்னால், பேப்பர்காரன் கேமரா முன்னால் சென்றாயன் வாத்தியார் பேத்தி இடது கையால் சுற்றி, இடது கையால் புளியை நீட்டினால்? முப்பத்தாறு வருஷம் நான் என்னத்தைச் சொல்லிக்கொடுத்தேன் என்று கேட்பார்களா, மாட்டார்களா?

குழந்தையிடம் நல்லபடியாகத்தான் சொன்னேன். "மதி, வலது கையால் சுற்றினால் நீ. இல்லாவிட்டால் இருசப்பன் பேரன் பிரதீப் தயாராக நிற்கிறான்."

"நான்தான் சுத்துவேன் தாத்தா."

"அப்போது வலது கை."

 அவளுக்கு அதில் அவ்வளவு ஆசை. பள்ளியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். சுற்றும்போது போட்டுக்கொள்ள எந்தப் பாவாடை என்பதுகூட முடிவாகிவிட்டது.

விழாவுக்கு மூன்று நாள் முன்னால் பள்ளி மைதானத்தில் ஒத்திகை. பிடி இடது பக்கம் இருப்பதுதானே பிரச்சினை? மெஷினையே திருப்பிப் போடச் சொன்னேன். முன்பக்கம் பின்பக்கமாகிவிட்டது, பிடி வலது பக்கம் வந்துவிட்டது. எளிய தீர்வு. இவ்வளவு வருஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை. மாதம்மா ஓரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணா, அத அது இருக்கிறபடியே விடுங்கண்ணா," என்றாள்.

"நீ சும்மா இரு," என்றேன்.

இருசப்பன் வெள்ளைச் சட்டையில் குனிந்து பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். நிறைமதி வலது கையால் வேகமாகச் சுற்றினாள். உருளைகள் எதிர்ப்பக்கம் சுழன்றன. போட்ட புளி உள்ளே போவதற்குப் பதிலாக மேலே வந்தது. கொட்டையும் நாரும் ஓடுமாக அவன் முகத்தில், சட்டையில், சட்டைப் பையில். பிள்ளைகள் எல்லாம் கெக்கலித்துச் சிரித்தார்கள்.

"வாத்தியாரே, நாலாம் வகுப்புல பெயிலாக்குனதையே நான் இன்னும் மறக்கல," என்றான் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "இப்ப புளியில வேற குளிப்பாட்றீங்க."

தப்பு என்னுடையதா? ஒழுங்காகச் செய்த மெஷின் என்றால் எந்தப் பக்கம் சுற்றினாலும் வேலை செய்ய வேண்டாமா?

சரி, அடுத்த வழி. மெஷின் பழையபடி. குழந்தை அதற்கு நேரே உட்காராமல், பிடி இருக்கிற பக்கவாட்டில் ஒரு முக்காலி போட்டு நின்று, வலது கையால் சுற்ற வேண்டும். பழத்தைப் பெட்டிக்குள் நான் போடுவேன். போட்டோவில் இரண்டு பேரும் வருவோம். இருசப்பனும் சரி என்றான். சட்டையில் கறை போக வேண்டும், அவனுக்கு அந்த யோசனைதான்.

வீட்டில் பழக்கினேன். காலையில் இருபது சுற்று, மாலையில் இருபது சுற்று. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பெடலைச் சுற்றச் சொன்னேன். வலது கையால் ஐந்து சுற்றுவாள், ஆறாவது சுற்றில் இடது கை தானாக வந்துவிடும். வேண்டுமென்று செய்கிறாளா, தெரியாமல் செய்கிறாளா? கடைசியில் அவள் தலை ரிப்பனை எடுத்து இடது கையை இடுப்போடு கட்டினேன். மெதுவாகத்தான். பட்டு ரிப்பன். மருமகள் வேலைக்குப் போயிருந்தாள்.

மாதம்மா எதற்கோ வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். குழந்தையைப் பார்த்தாள், ரிப்பனைப் பார்த்தாள்.

"கட்ட அவுத்து விடுண்ணா."

மரியாதை போய்விட்டது, கவனித்தீர்களா? எழுபது வயதில் அண்ணனை ஒருமையில் பேசுகிறாள்.

"ஏன் அவிழ்க்க வேண்டும்?"

"ரத்தம் கட்டும்."

டாக்டருக்குப் படித்தவள் மாதிரி. நான் எழுந்திருப்பதற்குள் அவளே வந்து முடிச்சை அவிழ்த்தாள். எந்தக் கையால் அவிழ்த்தாள் என்று நான் பார்க்கவில்லை. குழந்தையைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். சாயங்காலம்தான் திரும்பி அனுப்பினாள். கொட்டகையில் என்ன செய்தார்களோ. குழந்தையின் கையெல்லாம் புளி வாசனை.

மறுநாள், விழாவுக்கு முந்தின நாள் காலையில், அவளை உட்கார வைத்து இந்த விடுகதையைப் போட்டேன். உங்களுக்குப் போட்டேனே, அதேதான். திம்மராயன் தாத்தா எங்கே தப்பு செய்தார் என்று புரிந்துவிட்டால் அவளுக்கே கை திருந்திவிடும் என்று ஒரு எண்ணம். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"எனக்கு விடை தெரியும் தாத்தா."

"சொல்."

"சொன்னா அடிப்பீங்க."

"சரியாகச் சொன்னால் ஏன் அடிக்கிறேன்?"

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நாளைக்குச் சொல்றேன்," என்றாள்.

தெரியாது என்று அர்த்தம். பிள்ளைகள் இப்படித்தான் தப்பிப்பார்கள். முப்பத்தாறு வருஷம் பார்த்திருக்கிறேன்.

விழா நடந்தது. பந்தல், மைக், மேளம், எல்லாம் இருந்தது. கலெக்டர் கயிற்றை இழுத்தார். துணி அந்தச் செல்போன் கையில், புளியம்பழத்தைச் சொல்கிறேன், மாட்டிக்கொண்டது. ஒரு ஆள் ஏணி வைத்து ஏறி எடுத்தான். அதுவரை கலெக்டர் கைதட்டிக்கொண்டே நின்றார், பாவம். இருசப்பன் இருபது நிமிஷம் பேசினான். அதில் பத்து நிமிஷம் பக்கத்து ஊர்க் கபடிக்காரனைப் பற்றி. கலெக்டர், "ஆயிரக்கணக்கான பெண்களுடைய விரல்களைக் காப்பாற்றிய மாமனிதர்" என்றார். விரல்களாம். மெஷின் வந்த பிறகு கொட்டை சீக்கிரம் பிரிந்தது, வியாபாரம் வளர்ந்தது, அதைச் சொல்லாமல் விரல்.

எனக்கும் மைக் கொடுத்தார்கள். நான் வளவளவென்று பேசுகிறவன் இல்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விளக்கினேன். "மேடையில் இருக்கிற மெஷினில் கைப்பிடி இடது பக்கம் இருக்கிறது, சிலையில் வலது பக்கம் இருக்கிறது. யாரும் குழம்ப வேண்டாம். கண்டுபிடித்தவர் செய்த ஒரு சிறு பிழையைச் சிலையில் நாம் திருத்தியிருக்கிறோம்" என்றேன்.

யாரும் கைதட்டவில்லை. மைக் பின்வரிசை வரை கேட்கவில்லை என்று நினைக்கிறேன். முன்வரிசையில் பழைய மண்டிப் பெண்கள் ஒரு பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை. எல்லாரும் திரும்பி மாதம்மாவைப் பார்த்தார்கள். ஏன் அவளைப் பார்க்க வேண்டும், பேசுகிறவன் நான். அவள் மூன்றாவது வரிசை ஓரத்தில் இருந்தாள். மடியில் கைகளை வைத்திருந்தாள். வலது கை கீழே, அதை மூடினாற்போல் இடது கை மேலே. அழுகிறாளோ என்று நினைத்தேன். புருஷன் ஞாபகம் வந்திருக்கும். சிலை திறக்கிற அன்றைக்கு அழாமல் என்ன செய்வாள்.

பிறகு நிறைமதியைக் கூப்பிட்டார்கள். பச்சைப் பாவாடை. முக்காலி பக்கவாட்டில் தயாராக இருந்தது. நான் இரண்டு கையிலும் புளியம்பழத்தை அள்ளிக்கொண்டு பெட்டிக்கு அருகில் நின்றேன். பிரதீப்பையும் மேடைப் படியில் நிறுத்தி வைத்திருந்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று. குழந்தை காதில், "மதி, வலது," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிரதீப்பைப் பார்த்தாள். பிறகு மூன்றாவது வரிசைப் பக்கம் பார்த்தாள். பிறகு சிலையை நிமிர்ந்து பார்த்தாள். நேரமாகிறது என்று இருசப்பன் கைக்கடிகாரத்தைத் தட்டினான்.

அந்தப் போட்டோ பேப்பரில் வந்தது. நான் வாங்கவில்லை. மாதம்மா வாங்கியிருக்கிறாள், கொட்டகைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாளாம். நான் போய்ப் பார்க்கவில்லை. இந்த இரண்டு வாரமாக அந்தப் பக்கம் போவதில்லை. அவளும் வருவதில்லை. குழந்தை மட்டும் பள்ளி விட்டதும் அங்கே போய்விடுகிறாள். இப்போது ஸ்தபதியிடம் கேட்டிருக்கிறார்களாம், கைப்பிடியை மட்டும் அறுத்து எடுத்து மறுபக்கம் வைக்க முடியுமா என்று. இருசப்பனே கேட்டானாம். ஊரில் யாருக்காவது மூளை இருக்கிறதா பாருங்கள். வைத்தால் திம்மராயன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா? கை எட்டுமா? தனியாக ஒரு பிடி இடது பக்கம் நிற்கும், பிடிக்க ஆள் இல்லாமல். யாருக்காக?

அதோ, உங்கள் பஸ். ஹாரனைக் கேட்டாலே தெரியும். பையை எடுத்துக்கொள்ளுங்கள்.

என்ன? பேத்தி விடை சொன்னாளா என்றா கேட்கிறீர்கள்? இல்லை. வாயைத் திறக்கவில்லை.

முக்காலியைப் பக்கவாட்டிலிருந்து எடுத்தாள். மெஷினுக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். என் கையிலிருந்த பழத்தை வலது கையால் வாங்கிப் பெட்டிக்குள் போட்டாள். இடது கையால் சுற்றினாள்.